பச்சையில் கேள்வி, நீலத்தில் பதில்

ஆடிட்டர் வாரியத்தின் விண்ணப்ப ஜன்னலில், கண்ணாடிக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக அவள் தள்ளிய விண்ணப்பம் அதே இடுக்கு வழியாகத் திரும்பி வந்தது. மறுபடியும் உள்ளே தள்ளினாள். மறுபடியும் வெளியே வந்தது.

"இது கேரம் போர்டு இல்லம்மா," என்றார் உள்ளே இருந்த குமாஸ்தா.

"எல்லாம் இருக்கு. எண்ணிப் பாருங்க."

"எண்ணிக்கை சரி. விஷயம்தான் இல்லை." சற்றுமுன் அவர் கிழித்துத் திறந்த உறையிலிருந்த சான்றிதழைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். "நீங்களே படிங்க. 'எங்கள் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றி வருகிறார்.' எங்களுக்கு வேண்டியது தணிக்கை அனுபவம். கணக்கு எழுதினவங்களுக்கெல்லாம் விலக்கு கொடுத்தா மளிகைக் கடைக்காரர்கூட ஆடிட்டர் ஆயிடுவார்."

அவள் படித்தாள். அவள் வேலை பார்க்கும் ஆடிட்டர் சார் ஒட்டிக் கொடுத்த உறையை ஒட்டியபடியே கொண்டுவந்திருந்தாள். பிறர் வவுச்சரை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்க்கிறவளுக்கு இந்த உறையைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

"மாத்தி வாங்கிட்டு வரேன்."

"வாங்க. மாசக் கடைசி வரைக்கும் இந்த ஜன்னல் திறந்திருக்கும். அப்புறம் புது விதி."

பின்னால் வரிசையில் நின்ற பையன், "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிட்டீங்கன்னா…" என்றான்.

"உனக்கு இன்னும் அறுபது வருஷம் இருக்கு. நில்லு."

அவன் நின்றான். அவள் தாள்களை அடுக்கிக் கைப்பையில் திணித்தாள். ஓரங்கள் மடங்கின. மடங்கட்டும்.

விதி இதுதான். ஆடிட்டர் ஆவதற்கு ஆறு தாள் எழுத வேண்டும். கணக்காளர் தேர்வில் ஏற்கெனவே தேறியவர்களுக்கு முதல் இரண்டு தாளிலிருந்து விலக்கு. ஓர் ஆடிட்டரிடம் ஏழு வருடம் தணிக்கை வேலை பார்த்தவர்களுக்கு அடுத்த இரண்டிலிருந்தும் விலக்கு. மீதி, வரியும் சட்டமும். அந்த இரண்டையும் அவள் எழுதித் தேறிவிட்டாள். வரி முதல் தடவையிலேயே, சட்டம் மூன்றாவது தடவையில். புது விதியில் அனுபவத்துக்கு விலக்கு கிடையாது. மாதக் கடைசிக்குள் பழைய விதியில் முடிக்காதவர்கள் ஆறு தாளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். முன்பு தேறியது எதுவும் செல்லாது. சாரிடமிருந்து சரியாக ஒரு வாக்கியம் வந்தால் அவள் ஆடிட்டர். வராவிட்டால் நாற்பத்தாறு வயதில் மாணவி.

பேருந்துக்கு நிற்கப் பொறுமை இல்லாமல் நடந்தாள். கோபம் வந்தால் அவளுக்கு நடை வேகமாகிவிடும். எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள்.

வாடிக்கையாளர்கள் அவளை ஆடிட்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஒருநாளும் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. ஆடிட்டர் அல்லாதவர் ஆடிட்டர் என்று சொல்லிக்கொண்டால் என்ன தண்டனை என்று சட்டத் தாளில் ஒரு கேள்வி வந்தது. அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

கணக்காளர் தேர்வு முடித்த கையோடு சாரிடம் சேர்ந்தவள். அப்போது கணக்கு எழுதுவது மட்டும்தான் வேலை. மரக்கடைக்காரர் ஒரு வருட ரசீதுகளைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து மேஜைமேல் கொட்டுவார். அச்சகக்காரர் எதையுமே கொண்டுவரமாட்டார், வாயால் சொல்வார். இரண்டையும் கணக்காக்கி வைப்பாள். தணிக்கை பார்க்க ஓர் இளைஞன் இருந்தான். அவன் வேறு நல்ல இடம் கிடைத்துப் போனபோது சார் அவன் பச்சைப் பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"காலையில நீ கணக்கு. மத்தியானத்துக்கு மேல நீ தணிக்கை. சரிதானே?"

"சரி சார்."

"ஒரே நாற்காலியில உக்காந்து ரெண்டையும் பண்ணாதே. இடம் மாறினா புத்தி மாறும்."

அதனால் காலையில் ஜன்னலோர மேஜையில் நீலப் பேனாவால் கணக்கு எழுதினாள். சாப்பிட்டுக் கைகழுவி வந்து சுவரோர மேஜையில் பச்சைப் பேனாவை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு கோப்பிலும் கேள்வித்தாள் இருக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. தணிக்கை கேட்க வேண்டும், கணக்குப் பிரிவு பதில் எழுத வேண்டும். கேள்வி இல்லாத கோப்பைப் பார்த்தால் ஆய்வுக்கு வருகிறவர்கள் சந்தேகப்படுவார்கள். ஆகவே கேட்டாள்.

பச்சை: லாரி வாடகைக்கு ரசீது இல்லை. ஏன்?

நீலம்: ஓட்டுநர் தொலைத்துவிட்டார். மாற்று ரசீது கேட்டிருக்கிறது.

பச்சை: எப்போது வரும்?

நீலம்: இந்த வாரம்.

பச்சை: போன வாரமும் இதையே சொன்னீர்கள்.

மரியாதைப் பன்மை தவறியதே இல்லை. ஆனால் பச்சைக்கு நீலத்தின் மேல் உண்மையாகவே எரிச்சல் உண்டு. ஒரு தடவை மாலையில் நீலத்தைக் காய்ச்சி எடுத்து எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் படித்தபோது அவள் முகம் சுண்டிவிட்டது. அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிற டைப்பிஸ்ட் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"யார் தாயே திட்டினது?"

"தணிக்கைதான். எப்பப் பாரு குத்தம் கண்டுபிடிச்சுக்கிட்டு."

அண்ணன் தட்டச்சுக்குத் திரும்பினார். இதற்கெல்லாம் பதில் சொல்கிற சம்பளம் தனக்கு இல்லை என்பது அவர் கொள்கை.

இப்படியே பத்தொன்பது வருடம். விலக்குக்கு ஏழு போதும்.

அலுவலகப் படியேறி நேரே சாரின் அறைக்குள் போனாள். கதவைத் தட்டவில்லை. சார் எலுமிச்சை நிறக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மூடியைத் திருகிப் பேனாவை மூடிவிட்டு, "உக்காரு," என்றார்.

அவள் உட்காரவில்லை. சான்றிதழை மேஜையில் வைத்தாள். "கணக்குப் பிரிவுன்னு எழுதியிருக்கீங்க."

"நீ கணக்குப் பிரிவுதானே."

"பச்சைப் பேனா யார் கையில சார் இருக்கு?"

"பேனா ஆபீஸோடது."

அவளுக்குக் காது மடல் சுட்டது. "மரக்கடையை யார் தணிக்கை பண்ணா? அச்சகத்தை யார் பண்ணா? நீங்க கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டீங்க. முதல் பக்கத்தைத் திறந்துகூடப் பாத்ததில்லை."

"கையெழுத்து என்னோடதுங்கறதாலதான் என் பேர்ல அறிக்கை போகுது. உன் பேர்ல போகலை." சார் சான்றிதழை அவள் பக்கமாக நகர்த்தினார். "நான் எழுதினதுக்கு மேல எழுத முடியாது. இதோட விட்டுடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நான் போயிட்டா மரக்கடை என்கூட வந்துடும். அந்த பயம்தானே?"

"நீ என்ன வேணா நினைச்சுக்கோ."

"மூணு தடவை சட்டம் எழுதப் போனேன். மூணு தடவையும் லீவு கொடுத்து, நல்லா எழுதுன்னு சொல்லி அனுப்பினீங்க. அப்ப இதைச் சொல்றதுக்கு என்ன?"

சார் பேனா மூடியை மறுபடி திருகினார். ஏற்கெனவே மூடியிருந்த பேனா.

வெளியே வந்து பழைய கோப்புகள் இருந்த அலமாரியைத் திறந்தாள். கோப்புகளின் தகர ஊசிகளை நெம்பிக் கேள்வித்தாள்களை மட்டும் உருவினாள். ஒரு ஊசி விரலைக் கீறியது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபடி உருவினாள்.

டைப்பிஸ்ட் அண்ணன் இருக்கையை விட்டு எழுந்து வந்தார். "தாயே, ஆபீஸ் காகிதம் வாசப்படி தாண்டக்கூடாது."

"போய்ச் சொல்லிக்கோங்க."

"என்னத்தைச் சொல்ல? நான் எதையும் பாக்கலையே. கண்ணாடியை எங்கியோ வெச்சிட்டேன்." கண்ணாடி அவர் மூக்கின் மேல் இருந்தது. அதைச் சரிசெய்தபடி திரும்பிப் போனார்.

அன்று மாலை கூடத்துத் தரையில் தாள்களைப் பரப்பினாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் போகக் கைகழுவிவிட்டு வந்து தாண்ட இடமில்லாமல் நின்றான்.

"பறக்கட்டுமா?"

"சுத்திப் போங்க."

மகள் சோபாவில் கால் மடித்து உட்கார்ந்தபடி ஒரு தாளை எடுத்து உரக்கப் படித்தாள். "'போன வாரமும் இதையே சொன்னீர்கள்.' அம்மா, இது அப்படியே நீ அப்பாகிட்டப் பேசற மாதிரியே இருக்கு."

"அதுதான்டி தணிக்கை."

"அப்ப அப்பாதான் நீலமா?"

கணவன் சிரித்தான். அவளும் கொஞ்சம் சிரித்தாள். பச்சையில் இருந்த ஒவ்வொரு கேள்வியும் தன் கைப்பட எழுதியது. ஆண்டு வாரியாக இருக்கிறது. சார் எழுதித் தராவிட்டால் என்ன, கண் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கனமான கேள்விகளை மேலே வைத்து அடுக்கினாள்.

"இதைக் கொண்டுபோனா வேலை போயிடாதா?" என்றான் கணவன்.

"போகட்டும். ஆடிட்டர் ஆனப்புறம் அவர்கிட்ட எதுக்கு வேலை?" மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறையைப் பார்த்து வைத்திருந்தாள். ஒரு மேஜை போடலாம். இரண்டு போட இடம் இல்லை.

விலக்குகளை முடிவு செய்கிற துணைச் செயலாளரின் அறை வாரியக் கட்டடத்தின் மாடியில், நடையின் கோடியில் இருந்தது. மறுநாள் முற்பகல் முழுக்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போனாள். அந்த அம்மாளும் ஒரு காலத்தில் ஆடிட்டராக இருந்தவர். நரைத்த தலை, ஆடை கட்டிய டீ, கம்பியில் குத்திய தாள்கள். கையை நீட்டிக் கேள்வித்தாள்களை வாங்கிக்கொண்டார். அவசரப்படாமல் படித்தார். இரண்டு இடத்தில் தலையாட்டினார்.

"நல்லா கேட்டிருக்கீங்க. இந்த லாரி வாடகை, நானா இருந்தா விட்டிருப்பேன்."

"விடமாட்டேன் மேடம்."

"தெரியுது. பிடிச்சா குரங்குப் பிடி." இன்னொரு தாளைப் புரட்டினார். "யாரும்மா அந்த அக்கவுண்ட்ஸ் ஆளு? வாயைத் திறந்தா இந்த வாரம், அடுத்த வாரம்."

"அது எப்பவுமே அப்படித்தான் மேடம். எத்தனை தடவை எழுதினாலும் உறைக்காது. மழுப்பறதுன்னா…"

அவள் கண் நீல வரியில் நின்றுவிட்டது.

துணைச் செயலாளர் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து பச்சை வரியையும் நீல வரியையும் பார்த்தார். விரலை ஒன்றின்மேல் வைத்து மற்றொன்றுக்கு நகர்த்தினார்.

"ரெண்டும் ஒரே கை மாதிரி இருக்கே."

நடையில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்கள்.

"பதில் எழுதினது யாரு?"

"கணக்குப் பிரிவு."

"கணக்குப் பிரிவுன்னா?"

"நான்தான் மேடம்."

தாள்கள் மேஜைமேல் கிடந்தன. அவளே உருவி, அவளே அடுக்கி, அவளே சுமந்து வந்தவை. நேற்று மாலை கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு பச்சையை மட்டும் பார்த்திருக்கிறாள். நீலத்தை யாரோ எழுதியதாகவே தாண்டிப் போயிருக்கிறாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இது முதுகுகூட இல்லை, கை.

"கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிடுச்சேம்மா," என்றார் துணைச் செயலாளர். குரலில் கேலி இல்லை. "தான் எழுதின கணக்கைத் தானே பாத்தா அது தணிக்கை இல்லை. முகம் பாக்கற கண்ணாடி. இதை அனுபவம்னு எப்படி எடுத்துக்கறது?"

"ஒரு வருஷம்கூடவா?"

"முதல் நாள்லேர்ந்தே இல்லை."

உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். சாரின் குரல் இப்போது வேறு மாதிரிக் கேட்டது. அவருக்குத் தெரியும். மரக்கடை கைவிட்டுப் போகும் என்ற பயமில்லை இது. தணிக்கை என்று எழுதிக் கொடுத்தால் கணக்கு எழுதியது யார் என்று கேள்வி வரும், தன் கழுத்துக்குக் கத்தி வரும் என்று தெரியும். பச்சைப் பேனாவைக் கையில் கொடுத்த அன்றே தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு மேஜை போட்டார். தெரிந்துகொண்டே மூன்று தடவை லீவு கொடுத்தார். நல்லா எழுது. அவளும் எழுதினாள். சட்டத் தாளில் தணிக்கையாளரின் சுதந்திரம் என்று தனி அத்தியாயமே உண்டு, அதையும் மனப்பாடம் செய்து எழுதினாள். காலையில் படித்துவிட்டு மத்தியானம் வந்து பச்சைப் பேனாவைத் திறந்தாள். கண்ணில் குத்தாமல் போனது எப்படி? சார்மேல் வந்த கோபம் பாதி வழியில் திரும்பி அவள்மேலேயே பாய்ந்தது. பிறகு மறுபடி சாரிடம் போனது. அவருக்குத்தான் அது அதிகம் சேர வேண்டும் என்று முடிவு செய்தாள்.

துணைச் செயலாளர் தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார். "ரெண்டு வழி இருக்கு. இதையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போங்க. நீங்க வரலை, நான் பாக்கலை. இல்லைன்னா நான் பதிவு பண்ணணும்."

"பண்ணினா?"

"உங்க சாருக்கு நோட்டீஸ் போகும். அவர் கையெழுத்துப் போட்ட கோப்பெல்லாம் இங்க வரும். உரிமம் நின்னாலும் நிக்கலாம். உங்களுக்குத் தண்டனை கிடையாது, நீங்க ஆடிட்டர் இல்லையே. ஆனா விலக்கு எப்படியும் இல்லை."

"பதிவு பண்ணினாலும் இல்லை, பண்ணாட்டியும் இல்லை."

"ஆமா. ஆனா பண்ணாட்டி வேலையாவது மிஞ்சும்."

அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எடுத்துப் போனால் நாளைக்குக் காலையில் ஜன்னலோரம். மத்தியானம் சுவரோரம்.

"பதிவு பண்ணுங்க."

"உங்க மரக்கடைக்காரர் கணக்கையெல்லாம் வேற ஆள் வெச்சு மறுபடி பாக்கச் சொல்லுவாங்க. அவங்களுக்கும் அலைச்சல்."

மரக்கடைக்காரருக்கு மூட்டுவலி. இப்போதெல்லாம் படியேறி வர மாட்டார், கீழே நின்று கூப்பிடுவார்.

"பாக்கட்டும். அதுல தப்பு இருக்காது."

"இருந்தா?"

"இருந்தா என்னோடதுதான். ரெண்டு பக்கமும் நான்தானே."

"கோபத்துல பண்றீங்க. ஒரு நாள் தள்ளிப் போட்டு வாங்களேன்."

"கோபத்துலதான் மேடம் பண்றேன். கோபம் வராம யார் இதைப் பண்ணுவாங்க? நாளைக்கு வந்தா காரணம் கண்டுபிடிச்சுடுவேன். பதில் எழுதறதுலதான் நான் கெட்டிக்காரியாச்சே."

துணைச் செயலாளர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு மணியை அழுத்தினார். பதிவேட்டோடு ஒருவர் வந்தார். அவள் சொன்னதை அவர் எழுதினார். அவள் படித்துப் பார்த்தாள். இரண்டாவது வரியில் 'உதவினார்' என்று இருந்தது. அதை 'செய்தார்' என்று மாற்றச் சொன்னாள். மாற்றினார். கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவன் கை துடைத்த துண்டைக் கொடியில் போட்டான். பிறகு, "உனக்கு மூக்குக்கு மேல கோபம்னு தெரியும். மூக்கையே அறுத்துக்குவேன்னு தெரியாது," என்றான்.

"என் மூக்கு பச்சைப் பேனாவை வாங்கின அன்னிக்கே போச்சு. இன்னிக்குத்தான் தடவிப் பாத்தேன்."

"அவர் மூக்கு?"

"அதுக்குத்தான் நோட்டீஸ்."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கண்ணைக் காட்டினான். மூவரும் சாப்பிட்டார்கள். அவள் தட்டைக் கழுவிய வேகத்தில் விளிம்பு உடைந்தது. உடைந்த துண்டைக் குப்பையில் போட்டுவிட்டு, மீதித் தட்டையும் போட்டாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் அலுவலகத்துக்குப் போனாள். சார் வரும்வரை எந்த மேஜையிலும் உட்காராமல் நின்றாள். அவர் வந்ததும் தான் செய்ததைச் சொன்னாள். அவர் அலமாரிச் சாவியைக் கேட்டார், கொடுத்தாள். டைப்பிஸ்ட் அண்ணன் தட்டச்சை நிறுத்தவில்லை. குடையையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். வாரியத்துக்குப் போய் ஜன்னல் முன் வரிசையில் நின்றாள். குமாஸ்தா விடுப்பில் இருந்தார், வேறொருவர் இருந்தார். ஆறு தாளுக்கும் விண்ணப்பம் வாங்கினாள். தெரிந்தும், கணக்காளர் தேர்வுக்கான இரண்டு விலக்கு புது விதியிலும் உண்டா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். இல்லை என்றார். எதிர்ப்புறம் பழைய புத்தகக் கடையில் முதல் தாளுக்கான புத்தகம் மட்டும் இருந்தது. வாங்கினாள். மத்தியானம் மழை பெய்தது. துணிகளை உள்ளே எடுத்துப் போட்டாள். முதல் அத்தியாயத்தைப் பாதி படித்தாள். மகள் கல்லூரியிலிருந்து வந்து தலைவலி என்று படுத்துக்கொண்டாள். இருட்டுவதற்குள் கணவன் வந்துவிட்டான். ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு உதிரி பாகம் வரவில்லை, நாளைக்கும் போக வேண்டும் என்றான்.